தூக்கி வந்தவர் மீது கொலை முயற்சி வழக்கு

அனுப்புநர்

ச. மெர்சி,
க/பெ. ஜோசுவா,
செயலாளர், புலிக்கானாறு இருமாநிலப் பாதுகாப்புக் குழு (தமிழ்நாட்டுப் பக்கம்),
சர்ச் தெரு, காட்டுக்கொல்லைமேடு,
பேரணாம்பட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்

உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
வேலூர் மாவட்டம், வேலூர்.

பொருள்: புலிக்கானாற்றங்கரையில் என் கணவர் ஜோசுவா தாக்கப்பட்டது – தாக்கியவர்களை விட்டுவிட்டு, அவரைக் காப்பாற்றித் தூக்கி வந்த ஆந்திர மாநிலத்து ரஃபி அகமது மீது கொலை முயற்சி வழக்குப் பதிந்திருப்பது – என் கணவர் உயிரோடு இருக்கும்போதே அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்ய நீதித்துறை நடுவர் ஒருவரை அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயத்தைக் கடந்த வாரம் வேறொரு உயர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்தேன். அதன் பெயரை எழுதி யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. அந்த மனு, "உரிய நடவடிக்கைக்கு" என்று முத்திரை குத்தப்பட்டு, நான் எந்தக் காவல் நிலையத்தின் மீது புகார் சொல்லியிருந்தேனோ அதே நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆய்வாளர் அதை மேசையில் விரித்து, என்னை நிற்க வைத்து, மற்ற காவலர்களும் கேட்கும்படி வாசித்துக் காட்டினார். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். ஆகவே இதைத் தாங்களே படிக்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். கீழே அனுப்பிவிட வேண்டாம். அதற்கெல்லாம் என் கணவருக்கு நேரம் இல்லை.

அந்த அலுவலகத்து வாசலில் இன்னொன்றும் நடந்தது. என் பையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. மனு கொடுக்க வருகிறவர்கள் மண்ணெண்ணெய் கொண்டுவந்து தலையில் ஊற்றிக்கொள்வது வழக்கமாகிவிட்டதால் வாசலில் சோதனை போடுகிறார்கள். பெண் காவலர் ஒருவர் பாட்டிலைப் பிடுங்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இன்னாமா இது, பொணம் நாறுது!" என்றார். அது புலிக்கானாற்றுத் தண்ணீர். எங்கள் ஊர்க் குடிநீர்க் கிணறு அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. என்னைக் கொளுத்திக்கொள்ள நான் அங்கே போகவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். கொளுத்த வேண்டியவர்கள் வேறு என்று மனதுக்குள் நினைத்ததையும் மறைக்கவில்லை.

நடந்ததைக் கீழே வரிசையாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

1. நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் கணவர் ஜோசுவா மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். போர்வெல்லில் மோட்டார் எரிந்தால் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்களும், கானாற்றுக்கு அந்தப் பக்கம் ஆந்திராவில் பண்டமீதிப்பள்ளிக்காரர்களும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கோபப்படத் தெரியாத மனிதர். வீட்டுக் கோபம் மொத்தத்தையும் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டார் என்று தெருவில் கேலி செய்வார்கள். அது உண்மைதான்.

2. புலிக்கானாறு இரண்டு மாநிலத்துக்கும் எல்லை. இந்தக் கரை தமிழ்நாடு, அந்தக் கரை ஆந்திரா. தோல் பதனிடும் ஷாப்புகளில் தோலில் இருந்து சுரண்டி எடுக்கும் ஜவ்வு, சுண்ணாம்புச் சேறு, குரோம் கசடு ஆகியவற்றை அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ஒப்பந்தம் எடுத்திருப்பவர் கோதண்டராமன் என்பவர். அவருடைய டிப்பர் லாரிகள் அவ்வளவு தூரம் போவதில்லை. கானாற்றங்கரையில் கவிழ்த்துவிட்டுத் திரும்பிவிடும். ஏன் அந்த இடம் என்றால், இங்கே புகார் கொடுத்தால் "அது ஆந்திரா லிமிட்டு" என்பார்கள். அங்கே கொடுத்தால் "அதி தமிழ்நாடு" என்பார்கள். ஆற்றுமணல் என்றால் இரண்டு பக்கமும் உரிமை கொண்டாட ஆள் வரும். கழிவு என்றால் அது யாருடைய ஆறும் இல்லை.

3. இந்தக் கழிவுக்காக முன்பு இரண்டு ஊர்களும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. அவர்கள்தான் லாரியை விடுகிறார்கள் என்று நாங்கள், நாங்கள்தான் என்று அவர்கள். கல்லெறிந்து மண்டையை உடைத்திருக்கிறோம். வைக்கோல் போரைக் கொளுத்தியிருக்கிறார்கள். ஒரு பொங்கலுக்கு எங்கள் ஊர் மாடு ஒன்று பின்னங்காலில் வெட்டுடன் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தது. அடுத்த வாரம் அவர்கள் தக்காளித் தோட்டத்தில் ஒரு செடிகூட நிற்கவில்லை. இத்தனையிலும் லாரிக்காரருக்கு ஒரு கீறல் விழவில்லை.

4. அதை நிறுத்தியவர் என் கணவர். இரண்டு பக்கத்து மோட்டார்களையும் பிரித்துப் பார்ப்பவர் என்பதால், உள்ளே இருந்த பாகங்கள் இரு கரையிலும் ஒரே மாதிரி அரித்துப்போயிருப்பது அவர் கண்ணில் பட்டது. பண்டமீதிப்பள்ளியில் தக்காளி பயிரிடும் ரஃபி அகமதுவிடம் அதைக் காட்டினார். ரஃபி பாய் அங்கே ஏற்கெனவே ஒரு ஏரிப் பாதுகாப்புச் சங்கம் நடத்திக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்திலும் நாங்கள் சிலர் இருந்தோம். இரண்டும் சேர்ந்ததுதான் இந்தக் குழு. தோல் தொழிலை மூட வேண்டும் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. மூடினால் முதலில் அணைவது என் அடுப்புதான். அதிகாரிகள் கூட்டம் போட்டு வளங்குன்றா வளர்ச்சி என்று பேசுகிறார்கள். வேலையும் இருக்க வேண்டும், கிணறும் இருக்க வேண்டும் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டோம். லாரி எங்கே போகிறது என்று இரு மாநில அதிகாரிகளும் ஒன்றாகக் கண்காணிக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. இரு கரையிலும் நடுவதற்காக ரஃபி பாயின் தோட்டத்தில் புங்கங்கன்றும் மூங்கில் கன்றும் வளர்த்து வந்தோம்.

5. எங்கள் குழுவில் ஒரு முறை உண்டு. அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் இரு கரையிலும் தண்ணீர் மாதிரி எடுப்போம். உள்ளூர்க்காரர் எடுத்தால், தன் ஊரைக் காப்பாற்ற நல்ல தண்ணீரை மொண்டுவிட்டார் என்று எதிர்ப்பக்கம் சொல்லும். அதனால் தமிழ்நாட்டுக் கரையில் ஆந்திராக்காரர் எடுப்பார், ஆந்திரக் கரையில் தமிழ்நாட்டுக்காரர் எடுப்பார். அந்தந்த ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். பழைய சண்டையை நினைத்து நாங்களே யோசித்து வைத்த முறை. நல்ல முறைதான். அதுதான் இன்று ரஃபி பாயின் கழுத்துக்குக் கயிறாகியிருக்கிறது.

6. இம்மாதம் மூன்றாம் தேதி ஞாயிறு. அந்த முறைப்படி என் கணவர் ஆந்திரக் கரையில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் நின்றவர் ரஃபி பாயின் மனைவி ஹஃப்ஸா. ரஃபி பாய் தமிழ்நாட்டுக் கரையில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் நின்றவள் நான். நடுவில் முழங்கால் அளவு தண்ணீர். நல்ல வெயில். எதிர்க்கரை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

7. அப்போது எதிர்க்கரையில் கோதண்டராமனின் லாரி ஒன்று வந்தது. ஏற்கெனவே கொட்டிக் குட்டையாகத் தேங்கியிருந்த கழிவுக்குப் பின்பக்கத்தைக் காட்டி நின்றது. என் கணவர் கைப்பேசியில் படம் எடுத்தார். லாரியில் இருந்து ஆட்கள் இறங்கினார்கள். கையில் கழிவு தள்ளும் இரும்பு மண்வெட்டியும், தோல் கட்டு இழுக்கும் கொக்கியும் இருந்தன. ஒருவர் பேச வருவதைப் போலத்தான் வந்தார். கிட்டே வந்ததும் மண்வெட்டியின் தட்டையான பக்கத்தால் என் கணவரின் தாடையில் அடித்தார். அந்தச் சத்தம் இந்தக் கரைவரைக்கும் கேட்டது. தேங்காய் உடைக்கும் சத்தம். இன்னொருவர் கொக்கியை அவர் தோளில் மாட்டி இழுத்துக் கழிவுக் குட்டைக்குள் தள்ளினார். படம் எடுத்த கைப்பேசியும் குட்டைக்குள்ளேயே போய்விட்டது. எழப் பார்த்தவரின் பிடரியில் ஒருவர் காலை வைத்து அழுத்தினார். "குடிடா, நீ தான டெஸ்டு பண்ற, குடிச்சிப் பாரு" என்றார். இந்த வார்த்தைகளை நான் என் காதால் கேட்டேன். சாகும்வரை கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

8. ஹஃப்ஸா ஓடவில்லை. குட்டைக்குள் இறங்கி என் கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஹஃப்ஸாவின் முதுகில் மண்வெட்டிக் கட்டையால் அடித்தார்கள். இரண்டு விலா எலும்புகள் விரிசல் விட்டிருப்பதாக மருத்துவர் சொல்கிறார். அந்த அம்மாளிடம் இன்றுவரை எந்தக் காவல் நிலையமும் வாக்குமூலம் வாங்கவில்லை. ஆந்திரக் காவலர்கள், அடிபட்டவர் வேலூரில் இருக்கிறார், அங்கே போங்கள் என்கிறார்கள். எங்கள் காவலர்கள், அடிபட்ட இடம் ஆந்திரா, அங்கே போங்கள் என்கிறார்கள்.

9. ரஃபி பாய் என் பக்கத்தில் இருந்தார் என்பதை மறுபடியும் சொல்கிறேன். முதல் அடி விழும்போது அவர் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதைப் போட்டுவிட்டு ஆற்றுக்குள் ஓடினார். கொக்கி வைத்திருந்தவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குட்டைக்குள் விழுந்தார். அவருக்கும் அடி. நான் இந்தக் கரையில் நின்று ஊரைக் கூப்பிட்டுக் கத்தினேன். மேட்டில் இருந்து ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டதும் லாரிக்காரர்கள் ஏறிப் போய்விட்டார்கள். ரஃபி பாய் என் கணவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றைக் கடந்து இந்தக் கரைக்கு வந்தார். மருத்துவமனைக்குச் சாலை இந்தப் பக்கம்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் போட்டிருந்தால் என் கணவர் அன்றே போயிருப்பார். ரஃபி பாயும் இன்று வீட்டில் இருந்திருப்பார்.

10. இனி எழுதப்போவது என் சொந்த ஊரைப் பற்றி. கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். மேட்டில் இருந்து ஓடிவந்தவர்கள் கண்டது இதைத்தான்: ஆந்திரக் கரையில் இருந்து முகமெல்லாம் சேறாக ஒரு ஆள் வருகிறான், அவன் தோளில் ஜோசுவா ரத்தம் வடியத் தொங்குகிறார். ரஃபி பாய்க்குத் தமிழ் நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் வரவில்லை. "வதலண்டி, வதலண்டி! ஆஸ்பத்ரி!" என்று தெலுங்கில் கத்தினார். விடுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். யார் கேட்டார்கள்? பழைய பகை அவர்கள் கையில் கட்டையாக இருந்தது. என் கணவரைப் பிடுங்கிக் கீழே கிடத்திவிட்டு ரஃபி பாயை அடித்தார்கள். முன்னால் நின்று அடித்தவர் என் கணவரின் தம்பி ஜீவா. சவுக்குக் கட்டையால் அடித்தார். தலையில் விழ இருந்த அடியை ரஃபி பாய் வலது கையால் தடுத்தார். முழங்கைக்குக் கீழே எலும்பு வெளியே வந்தது. நான் நடுவில் போய் விழுந்து, "இவர் இல்லடா, இவர் தூக்கினு வந்தவருடா" என்று கத்தினேன். என் கொழுந்தன் என்னைத் தள்ளிவிட்டு அடித்தார். இது நடந்தது நம் மாவட்டத்தில்தான். இதற்கு லிமிட் பிரச்சினை கிடையாது.

11. முதல் தகவல் அறிக்கையில் எழுதப்பட்டிருப்பது வேறு கதை. ஆந்திராவில் இருந்து கழிவு லாரியுடன் வந்த ரஃபி அகமதுவை ஜோசுவா தமிழ்நாட்டுக் கரையில் தடுத்தாராம். ரஃபி அகமது மண்வெட்டியால் அவரை வெட்டினாராம். தப்பி ஓடும்போது பொதுமக்கள் பிடித்தார்களாம். தப்பி ஓடுகிறவன் வெட்டிய ஆளையே தோளில் தூக்கிக்கொண்டு, வெட்டுப்பட்டவனின் ஊருக்குள்ளேயா ஓடுவான்? புகார் கொடுத்தவர் ஜீவா. சாட்சிகள் அவருடன் சேர்ந்து அடித்தவர்கள். கோதண்டராமன் பெயர் எந்த வரியிலும் இல்லை. நான் சொன்னதை எழுதிக்கொள்ள மறுத்துவிட்டார்கள். உடைந்த கையோடு ரஃபி பாயைச் சிறையில் அடைத்துவிட்டார்கள்.

12. அதே வாரம் எங்கள் ஊர் இளைஞர்கள் கானாற்றைத் தாண்டிப்போய், ரஃபி பாயின் தோட்டத்தில் இரு ஊருக்குமாக வளர்த்த கன்றுகளை வேரோடு பிடுங்கிக் குவித்து டீசல் ஊற்றிக் கொளுத்தினார்கள். மறுநாள் அங்கிருந்து வந்தவர்கள் எங்கள் ஊருக்கு வரும் பேருந்தின் கண்ணாடிகளை உடைத்தார்கள். உள்ளே இருந்த ஒரு பீடி சுற்றும் பெண்ணுக்குக் கண்ணுக்கு மேலே ஆறு தையல். இரண்டு ஊரிலும் இப்போது அரிவாள் தீட்டாத வீடு குறைவு. தண்ணீர் எடுக்க ஆற்றுப் பக்கம் யாரும் போவதில்லை. லாரிகள் மட்டும் போகின்றன. முன்பைவிட ஜாஸ்தியாகவே போகின்றன.

13. இதற்கு மேல் ஒரு கூத்தும் நடந்தது. எங்கள் ஊர் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெரிய பதாகை வைத்தார்கள். நடுவில் என் கணவரின் படம். "எங்கள் அண்ணன் ஜோசுவாவைத் தாக்கிய ஆந்திர வெறியர்களைத் தூக்கிலிடு" என்று சிவப்பு எழுத்து. ஓரத்தில் கைகூப்பி நிற்பவர் கோதண்டராமன். மண்வெட்டி கொடுத்து அனுப்பியவரே மாலை வாங்கி வைத்திருக்கிறார். அந்தப் பதாகையை அரிவாளால் கிழித்தது நான்தான். ஓரத்துப் படத்தைக் கொஞ்சம் பொடியாகவே கிழித்தேன். அதற்காக என் மீது புகார் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் புகாரை மட்டும் காவல் நிலையத்தில் அன்றே வாங்கிக்கொண்டார்கள்.

14. என் கணவரின் நிலை: தாடை எலும்பைக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். தோளில் கொக்கி கிழித்த காயம். ஆனால் அவரைக் கொல்வது அந்தக் காயங்கள் இல்லை. குட்டையில் அழுத்தியபோது அவர் விழுங்கிய, மூச்சில் இழுத்த கழிவு நுரையீரலை உள்ளிருந்து வேகவைத்துவிட்டது என்கிறார் மருத்துவர். கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். பேச்சு இல்லை. மருந்து மயக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். காலையில் மருத்துவர்கள் சுற்றி வரும் நேரத்தில் மட்டும் மருந்தைக் குறைக்கிறார்கள். அப்போது கண் திறக்கிறார், ஆள் அடையாளம் தெரிகிறது, கேட்டதற்குத் தலையசைக்கிறார், விரலால் எழுதுகிறார். வாக்குமூலம் கொடுக்கும் தெளிவு அந்த நேரத்தில் அவருக்கு இருக்கிறது என்று எழுதித்தர மருத்துவர் தயாராக இருக்கிறார். இன்னும் எத்தனை காலைகள் என்று கேட்டேன். சீக்கிரம் யாரையாவது அழைத்து வாருங்கள் என்றார்.

15. சனிக்கிழமை காலை என் கணவர் என் உள்ளங்கையைப் பிடித்து விரலால் எழுதினார். "ரஃபி எங்கே" என்று எழுதினார். வெளியே நிற்கிறார் என்று பொய் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். உண்மையில் வெளியே நின்றுகொண்டிருந்தவர் ஹஃப்ஸா. விலாவைச் சுற்றிக் கட்டுடன், நிமிர்ந்து உட்கார முடியாமல் நின்றுகொண்டே இருக்கிறார். சிறையில் தன் கணவரைப் பார்த்துவிட்டு நேரே என் கணவரைப் பார்க்க வருகிறார். ரஃபி பாயின் கைக்குக் கட்டு மட்டும் போட்டிருக்கிறார்களாம், அறுவை சிகிச்சை இல்லை. விரல்கள் கறுத்து வருகின்றன என்கிறார். "ஆபா, அவருக்கு அந்தக் கை தான் தொழிலு" என்று ஒருமுறை சொன்னார். ஆபா என்றால் உருதுவில் அக்கா.

16. கொழுந்தன் ஜீவாவும் மருத்துவமனைக்கு வந்தார். நடைவழியில் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அண்ணி, அண்ணன் மேல ரத்தத்தப் பாத்ததும் கண்ணு மண்ணு தெரில. அந்த பாய் இல்லன்னு அப்புறம்தான் புரிஞ்சிது. இப்ப மாத்திச் சொன்னா நான் உள்ள போய்டுவேன். எனக்கு ரெண்டு பொண்ணுங்க கீதுங்க, அண்ணி" என்றார். அந்தப் பெண்களைத் தூக்கி வளர்த்தவள் நான். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கழுத்தை நெரிக்கலாம் போலவும் இருந்தது. ரஃபி பாயின் கையை உடைத்ததற்கு ஜீவா தண்டனை பெற வேண்டும். ஒரே காம்பவுண்டில் குடியிருக்கும் அண்ணி இதை எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். அவர் உண்மையைச் சொன்னால் தண்டனையில் இரக்கம் காட்டுமாறும் அதே கையால் கேட்டுக்கொள்கிறேன்.

17. ஆய்வாளர் என்னிடம் ஒரு வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து நீட்டினார். ரஃபி அகமது வெட்டியதை நான் கண்ணால் பார்த்ததாக அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் பதாகை வழக்கு போய்விடுமாம், அரசு நிவாரணம் சீக்கிரம் வருமாம். மறுத்தேன். "உன் புருஷன அடிச்சவனுக்கு நீ ஏம்மா வக்காலத்து வாங்குற? ஊர்ல இன்னா பேசிக்கிறாங்கன்னு தெரியுமா உனுக்கு?" என்றார். தெரியும், ஐயா. ஆற்றங்கரையில் அந்த ஆளுடன் நான் தனியாக நின்றதைப் பேசுகிறார்கள். ஒரு கரையில் அவரும் நானும், எதிர்க்கரையில் என் கணவரும் அவர் மனைவியும், ஒருவர் கண்ணில் இன்னொருவர் படும்படி நின்றோம் என்பதைப் பேச மாட்டார்கள்.

மேற்கண்ட நிலையில் நான் கேட்பவை:

ரஃபி அகமதுவின் கைக்கு உடனே அறுவை சிகிச்சை செய்ய உத்தரவிட வேண்டும். கோதண்டராமன் மீதும் அவருடைய லாரி ஆட்கள் மீதும் வழக்குப் பதிய வேண்டும். இரு மாவட்ட அதிகாரிகளும் ஒரே நாளில், ஒன்றாக, கானாற்றங்கரைக்கு வந்து பார்க்க வேண்டும். தனித்தனியாக வந்தால் எதிர்க்கரையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இரு ஊரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மனுவைத் தங்களிடம் வேறு யாராவது ஒருத்தி கொண்டுவருவாள்.

கை சிகிச்சை தவிர மற்றவை பத்து நாள் தாமதமானாலும் நான் பொறுத்துக்கொள்வேன். அந்தக் கையைப் போல இன்னொன்றும் பொறுக்காது. நீதித்துறை நடுவர் ஒருவரை நாளைக் காலையே மருத்துவமனைக்கு அனுப்ப ஆவன செய்ய வேண்டும். என் கணவரை யார் அடித்தார்கள் என்று அவரிடமே கேட்க வேண்டும். இத்தனை நாளில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர்கூட அவரிடம் அதைக் கேட்கவில்லை. கேட்கும்போது நான் அறையில் இருக்க மாட்டேன். ஹஃப்ஸாவும் இருக்க மாட்டார். தாங்கள் சொல்லும் தூரத்தில் நிற்கிறோம். அவர் சொல்வது எங்களுக்கு எதிராகவே இருந்தாலும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் அவசரம் என்றால், என் கணவர் இறந்த நிமிடத்தில் கொலை முயற்சி வழக்கு கொலை வழக்காக மாறிவிடும். அவரைக் காப்பாற்றியவர் அவரைக் கொன்றவராக எழுதப்படுவார். இன்று என் கணவர் ஒரு தலையசைப்பில் சொல்லக்கூடியதை, அதற்குப் பிறகு சொல்ல நானும் ஹஃப்ஸாவும்தான் மிஞ்சுவோம். ஹஃப்ஸாவைக் குற்றவாளியின் மனைவி என்று ஒதுக்கிவிடுவார்கள். கொன்றவனுக்காகச் செத்தவனின் பெண்டாட்டி பேசினால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதை இந்த மனுவில் எழுத முடியாது. அந்தப் பெயரையும் சுமந்துகொண்டு நான் பேசத்தான் போகிறேன். ஆனால் எந்த நீதிமன்றமும் அப்போது என்னை நம்பாது. அவருக்குக் காலையில் மட்டும்தான் நினைவு இருக்கிறது. நாளைக் காலை யாரையாவது அனுப்புங்கள், ஐயா.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து மருத்துவமனை நடைவழியில் நிற்கும்,

(ஒப்பம்)
ச. மெர்சி,
க/பெ. ஜோசுவா

இந்த மனுவை முழுவதும் படித்துக் காட்டக் கேட்டு, உண்மை என்று ஒப்புக்கொண்டு உடன் கையெழுத்திடுபவர்:

(உருதுவில் ஒப்பம்)
ஹஃப்ஸா,
க/பெ. ரஃபி அகமது,
பண்டமீதிப்பள்ளி, ஆந்திரப் பிரதேசம்

இடம்: வேலூர்
நாள்: 18.08.2025